கேள்வி–பதில்: ஜெபர்சன் வாசலுக்கு வந்த சீஸ்

இந்த வாரத் தபாலில் பாதிக்குமேல் ஒரே விஷயம். அமெரிக்க அதிபர்கள் பைபிள்மேல் கைவைத்துப் பதவியேற்பதைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன், அது இப்படிப் பிடித்துக்கொண்டது. சினிமாவும் கிரிக்கெட்டும் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மைத்துனர் டெக்சாஸில் இருபது வருஷமாக இருக்கிறார். 'அமெரிக்கா கிறிஸ்தவ தேசமாகத்தான் நிறுவப்பட்டது' என்பது அவர் கட்சி. கல்லூரியில் படிக்கும் என் மகனோ, 'மாமா, சாசனத்தில் கடவுள் என்ற சொல்லே கிடையாது' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மல்லுக்கு நிற்கிறான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

உங்கள் மகன் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளலாம். 1787-ல் பிலடெல்பியாவில் கிட்டத்தட்ட நான்கு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய சாசனத்தில் கடவுளும் இல்லை, இயேசுவும் இல்லை, பைபிளும் இல்லை. 'மக்களாகிய நாங்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறது. துருவித் தேடினால் இரண்டு இடம் அகப்படும். கடைசியில் தேதி போடும்போது 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்று எழுதியிருக்கிறார்கள், அது அந்தக் காலப் பத்திர வழக்கு. அப்புறம், ஒரு மசோதாவை அதிபர் திருப்பி அனுப்பப் பத்து நாள் கெடு, அந்தக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சேராது. இதற்கெல்லாம் மேலே ஆறாம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது: அமெரிக்க அரசின் எந்தப் பதவிக்கும் மதத்தை ஒரு தகுதியாக எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது. (1776 சுதந்திரப் பிரகடனத்தில் 'படைத்தவர்' வருகிறார், 'இயற்கையின் கடவுள்' வருகிறார். இயேசு அதிலும் வரவில்லை.)

ஆனால் மைத்துனரைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். அவர் மாநிலங்களைப் பார்த்துப் பேசினால் அவர் பக்கமும் ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. டெலவேரின் 1776 சாசனப்படி பதவிக்கு வருகிறவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவனை விசுவாசிப்பதாக அறிக்கையிட வேண்டும். பென்சில்வேனியாவில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு இரண்டும் தேவனால் அருளப்பட்டவை என்று சொன்னால்தான் சட்டசபையில் உட்கார முடியும். மேரிலாந்தில் யூதர்கள் பதவிக்கு வர 1826 வரை காத்திருந்தார்கள். மாசசூசெட்ஸ் 1780-ல் எழுதிய சாசனம் ஊருக்கு ஊர் புராட்டஸ்டன்ட் போதகரின் சம்பளத்துக்கு வரி போடச் சொன்னது, அந்த ஏற்பாடு ஒழிந்தது 1833-ல்.

இது எப்படிச் சாத்தியம் என்றால், 1791-ல் வந்த சாசனத்தின் முதல் திருத்தம், ஒரு மதத்தை அரசு மதமாக நிறுவும் சட்டத்தைக் 'காங்கிரஸ்' இயற்றக் கூடாது என்றுதான் சொன்னது. காங்கிரஸ் என்றால் நம்மூர்க் கட்சி இல்லை, அவர்கள் பார்லிமென்ட். மாநிலங்களின் கையை அது கட்டவில்லை. ஆகவே அப்போது ஒரே நாட்டில் மத்திய அரசுக்கு மதம் கிடையாது, சில மாநில அரசுகளோ திருச்சபைக்கு வரி வசூலித்துக்கொண்டிருந்தன. உங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே கட்டடத்தின் வேறு வேறு மாடியில் நின்றுகொண்டு எதிராளியைப் பொய்யன் என்கிறார்கள்.

மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் மதச் சுதந்திரம் தேடித்தானே வந்தார்கள்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

தங்களுக்குத் தேடி வந்தார்கள். அடுத்தவருக்கு என்று வரும்போது கதை வேறு. மேஃப்ளவர் 1620-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது, அவர்களுக்குப் பத்து வருஷம் கழித்துப் பெருங்கூட்டமாக வந்து பாஸ்டனைக் கட்டிய பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்து திருச்சபையைச் சுத்தப்படுத்தப் புறப்பட்ட புராட்டஸ்டன்டுகள், இன்னும் கறார். மேரி டயர் என்ற குவேக்கர் (அவர்களுக்குப் பிடிக்காத இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்மணியை, போ என்று துரத்தியும் திரும்பி வந்த குற்றத்துக்காக 1660-ல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் கிறிஸ்துமஸ் கொண்டாடத் தடை, மீறினால் ஐந்து ஷில்லிங் அபராதம். பைபிளில் அப்படி ஒரு பண்டிகை சொல்லப்படவில்லையாம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அபராதம் போட்டதும் கிறிஸ்தவ அரசாங்கம்தான் என்பதை உங்கள் ஊர் கேரல் குழுவிடம் சொல்லிப் பாருங்கள்.

'சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர்' என்று ஜெபர்சன் சொன்னது, மதத்தைப் பிடிக்காத படிப்பாளிகளின் வேலை என்று ஒரு யூடியூப் பேச்சில் கேட்டேன். நிஜமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். சுவர் என்ற சொல், சுதந்திரப் பிரகடனத்தை எழுதிப் பின்னால் மூன்றாவது அதிபரான ஜெபர்சனுடையது. அந்தச் சுவரைக் கேட்டவர்கள் பாப்டிஸ்டுகள், அதாவது முழுக்கு ஞானஸ்நானம்தான் செல்லும் என்று பிடிவாதமாக இருந்த, ஞாயிறு தவறாமல் வேதம் வாசித்த, நம் கணக்கில் பரம பக்தர்கள்.

வெர்ஜீனியாவைப் பாருங்கள். அங்கே இங்கிலாந்து திருச்சபைதான் அரசுச் சபை. பாதிரியாருக்குச் சம்பளம் காசாகக்கூட இல்லை, புகையிலையாக. வருஷத்துக்கு 16,000 பவுண்டு புகையிலை, ஊர் முழுக்க வரியாகத் திரட்டிக் கொடுக்க வேண்டும். நீங்கள் அந்தக் கோயிலுக்குப் போகாத பாப்டிஸ்டாக இருந்தாலும் உங்கள் பங்கு உண்டு. அரசு உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தால் ஜெயில். அந்த மாதிரிப் பிடிபட்ட ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர் கல்பெப்பர் ஊர் ஜெயிலின் கம்பி வழியாக வெளியே நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்து மாவட்ட ஜெயிலில் நல்லவர்கள் ஐந்தாறு பேர் தங்கள் மத நம்பிக்கையைச் சொன்னதற்காக அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று 1774 ஜனவரியில் தன் சிநேகிதனுக்கு ஒரு இளைஞர் ஆத்திரத்தோடு கடிதம் எழுதினார். வயது 22. பெயர் ஜேம்ஸ் மாடிசன். பின்னால் சாசனத்துக்கும் முதல் திருத்தத்துக்கும் முக்கியச் சூத்திரதாரி அவர்தான்.

சுதந்திரம் வந்த பிறகு 1784-ல் வெர்ஜீனியாவின் பெரிய தலைவர் பேட்ரிக் ஹென்றி ஒரு சமாதான யோசனை கொண்டுவந்தார். ஒரே சபைக்கு என்று வேண்டாம், கிறிஸ்தவ போதகர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி, அவரவர் காசு அவரவர் சபைக்கே போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வாஷிங்டனுக்கே அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. மாடிசன் விடவில்லை. 1785-ல் பதினைந்து காரணம் அடுக்கி ஒரு மனு எழுதினார். அதில் ஒன்று இப்படிப் போகும்: மற்ற மதங்களை ஒதுக்கிக் கிறிஸ்தவத்தை மட்டும் நிறுவ அரசுக்கு அதிகாரம் உண்டென்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு மற்ற சபைகளை ஒதுக்கிக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே ஒரு சபையை மட்டும் நிறுவ அதே அதிகாரம் போதும். ஜெயிலைப் பார்த்திருந்த பாப்டிஸ்டுகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களும் சளைக்காமல் மனு அனுப்பினார்கள். வரி மசோதா படுத்தது. அந்த இடத்தில் ஜெபர்சன் எப்போதோ எழுதி வைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் முகவுரையில் 'இயேசு கிறிஸ்து' என்ற பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் வந்து தோற்றுப்போனது. ஜெபர்சன் தன் கடைசிக் காலத்தில் அதை நினைத்துப் பார்த்து, யூதர், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எதையும் நம்பாதவர் எல்லோருக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதற்கு அதுவே சாட்சி என்று எழுதினார். ஆமாம், இந்து என்று பெயர் சொல்லியே. அன்றைக்கு வெர்ஜீனியாவில் தேடினாலும் ஒரு கோயில் மணி கேட்டிருக்காது.

இப்போது சீஸுக்கு வருவோம். மாசசூசெட்ஸில் செஷயர் என்று ஒரு சின்ன ஊர், நிறைய பாப்டிஸ்டுகள். அங்கே ஜான் லேலண்ட் என்ற போதகர். முன்பு வெர்ஜீனியாவில் ஊழியம் செய்து மாடிசனோடு பழக்கம் உள்ளவர். ஜெபர்சன் அதிபரானதும் இவர் ஊர் மக்களைக் கூட்டி ஆளாளுக்கு வீட்டுப் பாலைக் கொண்டுவரச் சொல்லி ஒரே சீஸாகச் செய்ய வைத்தார். எடை 1,235 பவுண்டு, நம் கணக்கில் 560 கிலோ. ஒரு நல்ல எருமையின் எடை. 'கொடுங்கோலரை எதிர்ப்பதே கடவுளுக்குக் கீழ்ப்படிவது' என்று அதன்மேல் வாசகம். பனியில் சறுக்குவண்டி, அப்புறம் கப்பல், அப்புறம் குதிரை வண்டி என்று மாறி மாறி வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. 1802 ஜனவரி 1-ஆம் தேதி ஜெபர்சன் வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். கூடவே ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்கள்: இதைச் செய்ததில் ஒரு அடிமையின் உழைப்புகூட இல்லை. வாங்கிக்கொண்டவர் வீட்டிலோ நூற்றுக்கு மேல் அடிமைகள். அந்த வரியைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அதே நாள்தான் கனெக்டிகட் மாநில டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெபர்சன் பதில் எழுதினார். அங்கேயும் வரிதான் பிரச்சினை. நான் பாப்டிஸ்டு, இன்ன சபைக்குப் போகிறவன் என்று சர்ட்டிபிகேட் காட்டினால்தான் அரசுச் சபை வரியிலிருந்து விலக்கு. எங்கள் உரிமையை ஏதோ சலுகை மாதிரிக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் புலம்பியிருந்தார்கள். அந்தப் பதிலில்தான் சுவர் வருகிறது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. பார்லிமென்ட் கட்டடத்துக்குள்ளேயே, பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் ஆராதனை. பிரசங்கம் செய்தவர் சீஸ் கொண்டுவந்த லேலண்ட். கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஜெபர்சன். சுவர் எழுப்பியவரே சுவருக்குள் போய் உட்கார்ந்ததாக இதை ஒரு தரப்பு சந்தோஷமாக எடுத்துக் காட்டும். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. வரி போடவில்லை, வராதவனைப் பிடித்து அடைக்கவில்லை, அவர் பாட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஆனால் அரசாங்கக் கட்டடத்தில் ஆராதனை என்பதை இன்றைய கோர்ட் விடுமா என்று கேட்டால், அது வேறு வழக்கு.

அப்படியானால் ஜெபர்சன், பிராங்க்ளின் எல்லாம் நாத்திகர்களா, பக்தர்களா? ஒரு வரியில் சொல்லவும்.
— ஒரு வாசகர், ஈரோடு

ஒரு வரியில் முடியாது சார். ஜெபர்சன் வயதான காலத்தில் கத்தியை எடுத்துப் புதிய ஏற்பாட்டை வெட்டினார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் நான்கு மொழிப் பிரதிகளிலிருந்தும் இயேசுவின் போதனைகளை வெட்டி எடுத்து ஒட்டித் தனக்கென ஒரு புத்தகம் செய்துகொண்டார். அற்புதங்கள் அவுட். கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைத்ததோடு கதை முடிகிறது, உயிர்த்தெழுதல் கிடையாது. இவரை நாத்திகர் என்பதா, விசுவாசி என்பதா? நான்கு பாஷையில் சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து படிக்கிற நாத்திகரை நான் பார்த்ததில்லை.

பிராங்க்ளினும் சாதாரண ரகம் இல்லை. சாசனம் எழுதும் கூட்டத்தில் 1787 ஜூன் 28 அன்று பேச்சுவார்த்தை இழுபறியாகக் கிடந்தபோது, 81 வயதில் எழுந்து, தினமும் காலையில் ஜெபத்தோடு ஆரம்பிக்கலாம் என்று யோசனை சொன்னார். பாதிரியாருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றார் ஒருவர். ஓட்டுக்கே விடாமல் கலைந்தார்கள். மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் அவசியமில்லை என்று நினைத்ததாகப் பிராங்க்ளினே குறித்து வைத்தார். ஆனால் இரண்டே வருஷத்தில் புதிய காங்கிரஸ் கூடியதும் சம்பளம் போட்டுப் பாதிரியார் வைத்தார்கள். இன்றும் உண்டு.

திரிப்போலி ஒப்பந்தத்தில் 'அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின்மேல் நிறுவப்பட்டதல்ல' என்று எழுதியிருக்கிறதாமே? அதோடு விவாதம் முடிந்துவிடவில்லையா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

முடியாது. வரி நிஜம்தான். இன்றைய லிபியாவில் இருக்கும் திரிப்போலியின் கடற்கொள்ளையர்கள் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், காசு கொடுத்துச் சமாதானம் செய்த ஒப்பந்தம் அது. எங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மதச் சண்டை எதுவும் இல்லை என்று சொல்வதற்காகப் பதினோராம் பிரிவில் அப்படி எழுதினார்கள். 1797 ஜூனில் செனட் ஒருமனதாக ஒப்புக்கொண்டது, அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார், பத்திரிகைகளில் வந்தது, யாரும் கொடி பிடிக்கவில்லை. இது பெரிய விஷயம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அரபு மூலத்தில் அந்தப் பிரிவே காணோம். அந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஏதோ கடிதம் இருக்கிறது. அது எப்படி ஆங்கிலத்தில் வந்தது என்று இன்றுவரை யாரும் திருப்தியாக விளக்கவில்லை. 1805-ல் புது ஒப்பந்தம் போட்டபோது அந்த வாக்கியத்தை விட்டுவிட்டார்கள். இன்னொன்று: அதே ஆடம்ஸ் 1798-ல், நம் சாசனம் ஒழுக்கமும் மதப்பற்றும் உள்ள மக்களுக்காக மட்டுமே செய்யப்பட்டது என்றும் எழுதினார். பாளையங்கோட்டைக்காரரின் மகனுக்கு முதல் மேற்கோள், அவர் மைத்துனருக்கு இரண்டாவது. ஆளுக்கொரு மேற்கோளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டது ஒரே கை என்பதைச் சொல்வதில்லை.

'கடவுளை நம்புகிறோம்' என்று டாலர் நோட்டிலேயே இருக்கிறதே?
— ஒரு வாசகி, திருப்பூர்

நோட்டில் வந்தது 1957-ல். அதற்கு முந்தின வருஷம்தான் அது தேசிய வாசகமானது. காசில் மட்டும் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864-லேயே ஏறிவிட்டது. பள்ளிக்கூடக் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்று சேர்த்தது 1954, சோவியத் பயம் தலைக்கேறியிருந்த காலம். அந்த உறுதிமொழியை 1892-ல் முதலில் எழுதியவர் ஒரு பாப்டிஸ்டு போதகர். அவர் எழுதியதில் கடவுள் இல்லை.

இதற்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, இல்லை சும்மா ஊர் வம்பா?
— ஒரு வாசகர், சென்னை

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர், மதராஸில் சேர்த்த சொத்து கொஞ்சநஞ்சமல்ல. கனெக்டிகட்டில் அரசுச் சபைக்குப் போதகர்களை உருவாக்கவென்று 1701-ல் ஆரம்பித்த ஒரு கல்லூரி காசில்லாமல் தவித்தபோது, ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகமும் மன்னர் ஜார்ஜின் படமும் அனுப்பி வைத்தார். 1718-ல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். டான்பரி பாப்டிஸ்டுகளைச் சர்ட்டிபிகேட் கேட்டு அலைக்கழித்த சபைக்குப் போதகர்கள் பெரும்பாலும் வந்தது அந்த யேல் கல்லூரியிலிருந்து.

இன்னொன்று யாழ்ப்பாணத்தில். 1816-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்கினார்கள். அவர்களை அனுப்பிய சங்கம் மாசசூசெட்ஸைச் சேர்ந்தது. ஊரில் போதகருக்கு இன்னும் வரி வசூல் நடந்துகொண்டிருந்தது, ஆனால் இவர்கள் செலவுக்கு அரசுக் காசு ஒரு சதம் கிடையாது, எல்லாம் வீடு வீடாகத் திரட்டிய காணிக்கை. அதில்தான் 1823-ல் வட்டுக்கோட்டை செமினரியும் 1824-ல் உடுவில் பெண்கள் பள்ளியும் வந்தன. 1820-ல் அச்சுத் தொழில் தெரிந்த ஒரு அமெரிக்கர் அவர்களோடு சேர வந்தபோது, இலங்கையை ஆண்ட ஆங்கிலேய கவர்னர், அவரும் கிறிஸ்தவர்தான், தங்க அனுமதியில்லை, மூன்று மாதத்தில் கிளம்பு என்று உத்தரவு போட்டார்.